ஒரு ரிவிட் குறைகிறது

ரிவிட் எண்ணுகிறவரை உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். எங்கள் யார்க்‌ஷயர் பக்கம் மழை பெய்யாத சனிக்கிழமையைக்கூடப் பார்த்துவிடலாம், இந்த ஆள் இல்லாத குட்டி ரயில் சங்கத்தைப் பார்க்க முடியாது. தப்பித்தவறி அவர் காதுபட "பொம்மை ரயில்" என்று சொல்லிவிடாதீர்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார், "மாதிரி" என்பார். "எழுபத்தாறு புள்ளி ரெண்டுல ஒரு பங்கு மாதிரி." அப்புறம் நாற்பது நிமிடத்துக்கு நீங்கள் எங்கேயும் போக முடியாது.

விஷயம் என்னவோ ரொம்ப எளிமையானதுதான். ஒரு அட்டைப்பெட்டி வாங்குகிறோம். உள்ளே பித்தளைத் தகடும் ஈய வார்ப்புமாக நூற்றுக்கணக்கான துண்டுகள். அதை வெட்டி, மடக்கி, பற்றவைத்து, பெயின்ட் அடித்து, வயிற்றுக்குள் ஒரு சின்ன மோட்டாரை வைத்தால் பழைய காலத்து நீராவி எஞ்சின் ஒன்று உள்ளங்கையில் வந்து நிற்கும். பின்னால் நாலு கூட்ஸ் பெட்டியை மாட்டி ஓட்டிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். மனிதர்கள் இப்படித்தான் செய்வார்கள். ரிவிட் எண்ணுகிறவர் ஓட்ட மாட்டார், நீங்கள் ஓட்டுவதைப் பார்க்க வருவார். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி இருக்கும். உங்கள் எஞ்சின் பக்கத்தில் குனிவார், தகடுகளை இணைக்கும் குமிழ் ஆணிகளை, அதாவது ரிவிட்டுகளை, ஒவ்வொன்றாக எண்ணுவார். ஒரு பெருமூச்சு விடுவார்.

எங்கள் சங்கத்தில் இந்தப் பதவியை வகிப்பவர் டெஸ்மண்ட் ஓல்ட்ராய்ட். நான் இருபத்தாறு வருடமாக அந்தச் சங்கத்தில் டீ போட்டுக் கொடுக்கிறவன், பெயர் வில்ஃப். டீப் பாத்திரத்துக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும். ஒரு தடவை, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் எங்கள் ட்ரெவர் ஹெப்வர்த், மூன்றே வாரத்தில் ஒரு பச்சை எஞ்சின் கட்டிக்கொண்டு வந்தான். புகைபோக்கி கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஆனால் ஓடியது பாருங்கள், அப்படி ஓடியது! ட்ரெவர் முகமெல்லாம் பல். டெஸ்மண்ட் குனிந்தார்.

"நல்லாத்தான் இருக்கு ட்ரெவர். ஆனா..."

அந்த 'ஆனா' இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் சங்கத்தில் மூன்று பேர் மீன் பிடிக்கப் போய்விட்டார்கள்.

"ஆனா என்னய்யா?"

"ஒண்ணுமில்ல. முகப்புக் கதவுல இந்தக் கைப்பிடிய முப்பத்தொண்ணாம் வருஷமே மாத்திட்டாங்க. நீ எழுதியிருக்கிற நம்பர் முப்பத்தினாலுல வந்தது. கைப்பிடி பழசு, நம்பர் புதுசு. கவலப்படாத, யாரும் கவனிக்க மாட்டாங்க."

"நீ கவனிச்சிட்டியேய்யா!"

"நான் கவனிக்காம இருக்க முடியுமா?" என்றார் டெஸ்மண்ட், ஏதோ தியாகம் செய்தவர் மாதிரி. ட்ரெவர் அன்றைக்கு எஞ்சினைப் பெட்டிக்குள் வைத்தவன் மூன்று வாரம் வெளியே எடுக்கவில்லை.

சரி, இப்படி ஊரார் எஞ்சினையெல்லாம் நொட்டை சொல்கிறாரே, இவர் எத்தனை எஞ்சின் கட்டியிருப்பார் என்று கேட்பீர்கள். ஒன்று. அதுவும் முடியவில்லை. கட்டாத பெட்டிகள் பரணில் அறுபது, கட்டில் அடியில் இருபது. கட்டத் தொடங்கிய அந்த ஒரே ஒரு ஆறு சக்கரக் கூட்ஸ் எஞ்சின் பத்தொன்பது வருடமாக வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. ஏன் முடியவில்லை? எஞ்சினுக்குப் பின்னால் மாட்டும் கரிவண்டியின் பிரேக் கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தது என்று காட்டும் போட்டோ கிடைக்கவில்லை. போட்டோ கிடைத்தபோது, அது வேறு பட்டறையில் பழுது பார்த்த எஞ்சின் என்று தெரிந்தது. இடையில் சும்மா இருக்கக் கூடாதே என்று எட்டு நிலக்கரி வேகன் செய்தார். வேகனில் எந்தச் சுரங்கத்தின் பெயர் எழுதியிருக்கிறதோ அதே சுரங்கத்து நிலக்கரியைத் தேடி வாங்கி, உரலில் இடித்துப் பொடியாக்கி, ஒட்டினார். அந்த உரலில்தான் அவர் மனைவி நார்மா மிளகு இடித்துக்கொண்டிருந்தாள்.

நார்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. தினம் நானூறு பிள்ளைகளை மேசை போட்டு உட்கார வைத்துச் சோறு போட்டவளுக்குத் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை இல்லை. இருக்கிறது, எட்டுப் பேர் உட்காரும் ஓக் மேசை, அவள் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. அதன்மேல் பித்தளைத் துண்டும், அமில நாற்றமும், "தொடாதே" என்று எழுதிய சீட்டும். ஞாயிற்றுக்கிழமை வறுத்த இறைச்சியைப் புருஷனும் பெண்டாட்டியும் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு ஹாலிஃபாக்ஸிலிருந்து அவள் தங்கை ஆட்ரி வந்தால் எல்லோருக்கும் மடியில் தட்டு. போன வருடத்துக்கு முந்தின கிறிஸ்துமஸில் ஆட்ரியின் புதுப் பாவாடைமேல் குழம்பு மொத்தமும் கவிழ்ந்தது. மறுநாள் நார்மா, ட்ரெவரையும் என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு கண்ணு," என்றாள் டெஸ்மண்டிடம். அவள் கண்ணு என்று சொன்னால் கோபம் உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம். "அக்டோபர்ல உங்க சங்கத்துக் கண்காட்சி வருது. அதுல உன் எஞ்சின் ஒரே ஒரு சுத்து சுத்தி வரட்டும். வந்துடுச்சா, என்னைத் தூக்கிட்டுப் போற வரைக்கும் அந்த ரூம் உன்னது, நான் வாயே திறக்க மாட்டேன். வரலியா, மேசை என்னது. நீ பரணுக்குப் போயிடு."

"ஒரு சுத்துதானே?" என்று சிரித்தார் டெஸ்மண்ட்.

"ஒரே ஒரு சுத்து."

பதினேழு வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் வேகமாக வேலை செய்தார். செப்டம்பரில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேசைமேல் சின்னச் சின்ன உருளைகள் வைத்த ஒரு தாங்கி, அதன்மேல் எஞ்சின். சக்கரங்கள் சுற்றுகின்றன, தண்டுகள் முன்னும் பின்னும் போய் வருகின்றன, ஒரு சத்தமில்லை. அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். எஞ்சின் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஒரு மணி நேரமா ஓடுது வில்ஃப்."

"எங்க போச்சு?"

"எங்க போகணும்?" என்றார், நிஜமாகவே புரியாமல்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை. மெத்தடிஸ்ட் கோயில் கூடத்தில் கண்காட்சி. நான் டீப் பாத்திரத்தின் பின்னால். நடுவில் சங்கத்தின் வட்டத் தண்டவாளம். நார்மா நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கைப்பையிலிருந்து வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. மேசைவிரிப்பு. இஸ்திரி போட்டு மடித்து, கூடவே கொண்டு வந்துவிட்டாள்! டெஸ்மண்ட் வெல்வெட் பெட்டியைத் திறந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தார்.

வைத்தார் என்று சொல்லக் கூடாது. எஞ்சின் தண்டவாளத்தில் உட்காரவே இல்லை. சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் தலைமேல் ஏறி நின்றது. ட்ரெவர் மின்சாரம் கொடுத்தான். ஓர் அங்குலம் நகர்ந்தது, வழுக்கியது, ஜல்லியில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

என்ன நடந்தது என்றால், கடையில் விற்கிற தண்டவாளம் கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே குறுகல். இந்த நாட்டில் மாதிரி ரயில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கண்டும் காணாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். டெஸ்மண்டால் அது முடியுமா? ஆறு வருடத்துக்கு முன்பு, எல்லாத் தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டுச் சரியான அகலத்தில் மறுபடி போட வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் கொண்டு வந்தார். எதிர்த்துப் பதினாலு கை. ஆதரித்து ஒன்று, அதுவும் அவர் கை. தோற்றுப்போனதை அவர் மனசு ஏற்கவே இல்லை. சரியான அகலத்துக்கே சக்கரம் வாங்கி மாட்டினார், உருளைமேல் ஓட்டிப் பார்த்தார். எங்கள் தண்டவாளத்தில் ஒரு நாளாவது வைத்துப் பார்க்க அவர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"எஞ்சின்ல தப்பு இல்ல," என்றார். "உங்க தண்டவாளம் தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. பாவம், ட்ரெவர் நல்லவன். பழைய 'ஆனா'வையெல்லாம் மறந்து முன்னால் வந்தான்.

"சக்கரத்தக் கழட்டுப்பா. எங்கிட்ட குறுகின செட்டு ஒண்ணு இருக்கு. வில்ஃபோட டீ ஆறுறதுக்குள்ள மாட்டித் தரேன். ஒரு சுத்துதானே? ஓட்டிட்டு மறுபடி மாத்திக்கோ."

நார்மா என்னைப் பார்த்தாள். பைமேல் இருந்த அவள் விரல் வெளுத்துப் போயிருந்தது. ட்ரெவர் சொல்வது நடந்தால் மேசை போயிற்று, ஆயுசுக்கும் போயிற்று.

டெஸ்மண்ட் நிமிர்ந்தார். "தப்பான அகலத்துல ஓடி ஜெயிக்கிறதுக்கு, சரியான அகலத்துல நின்னு தோத்துப் போறேன்."

"நின்னுக்கோ கண்ணு!" என்றாள் நார்மா, இந்தத் தடவை கோபமில்லாமல். அத்தனை பேர் முன்னாலும் அவர் கன்னத்தில் பச்சென்று ஒரு முத்தம் கொடுத்தாள், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள். கொள்கைவீரர் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். ட்ரெவரின் சக்கரம் தன் எஞ்சினில் மாட்டியதை நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்கிற பயம், வேறொன்றும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு நான் ஆனந்தத்தில் எல்லோருக்கும் இரண்டாவது டீ கொடுத்தேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. என்னையும் ட்ரெவரையும் கூப்பிட்டிருந்தாள். ஓக் மேசை! சூடு பட்ட தழும்பெல்லாம் வெள்ளை விரிப்புக்குள் மறைந்துவிட்டது. ஆட்ரி புதுப் பாவாடையில் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். வான்கோழி நடுவில் ஆவி பறக்க, நார்மா மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்து விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். டெஸ்மண்ட் ஓரமாக, நல்ல பிள்ளையாக, தலை குனிந்து சாப்பிட்டார். அந்த எஞ்சின் கணப்பு மாடத்தின்மேல் கண்ணாடிப் பேழைக்குள், சரியான அகலத்தில் போட்ட ஒரு முழத் தண்டவாளத்தின்மேல் இருந்தது. பின்னால் சுவரில் நிலைக்கண்ணாடி. எனக்குக் கிடைத்த நாற்காலி அதற்கு நேர் எதிரே.

குழம்புச் சட்டி என்னிடம் வரத் தாமதமாயிற்று. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மாதான், சத்தியமாக. கரிவண்டியின் பக்கத்தகட்டில் ரிவிட் வரிசை. ஐம்பத்துமூன்று. நிலைக்கண்ணாடியில் மறுபக்கம் தெரிந்தது. ஐம்பத்திரண்டு. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். ஐம்பத்திரண்டேதான். வாயை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கைத் தின்றிருக்கலாம் இல்லையா? இருபத்தாறு வருடம் டீப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்று இந்த ஜென்மங்களைப் பார்த்துச் சிரித்தவன் நான்!

"நல்லாத்தான் இருக்கு டெஸ்மண்ட்," என்றது என் வாய். "ஆனா..."

"வில்ஃப், வேணாம்," என்றாள் நார்மா.

"...அந்தப் பக்கம் ஒரு ரிவிட் குறையுதே."

டெஸ்மண்ட் முட்கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்தார். பேழையைத் திறந்தார், எண்ணினார், முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அந்த ரிவிட்டை உள்பக்கமிருந்து ஊசியால் குத்தித்தான் மேலே எழுப்ப முடியும், அதற்குப் பற்றவைத்த தகட்டைப் பிரிக்க வேண்டும். "ரெண்டே நிமிஷம் நார்மா," என்று வான்கோழியை நகர்த்தினார். சால்டரிங் அயர்ன் எங்கிருந்துதான் வந்ததோ! அமில நாற்றம் கிளம்பியது. ஆட்ரி பழக்கதோஷத்தில் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நார்மா சண்டை போடவில்லை. விரிப்பின் தன் பக்கத்து முனையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அவன நான் ஒண்ணும் சொல்லல வில்ஃப். அவன் அப்படித்தான். உன்னத்தான் மனுஷன்னு நெனச்சேன்."

இது ஈஸ்டர் வாரம். இரண்டு நிமிடம் இன்னும் முடியவில்லை. தகட்டைப் பிரித்தபோது பிரேக் கைப்பிடி பற்றிப் புதுச் சந்தேகம் வந்துவிட்டதாம்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். போகும்முன் ஒன்று. அந்த எஞ்சின் மேசைமேல் கிடந்த காலத்தை முதலில் பத்தொன்பது வருடம் என்றேன், நடுவில் பதினேழு என்றேன். கவனிக்கவில்லையா? சந்தோஷம், போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். கவனித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கான், ஆனா..." என்று அப்போதே முணுமுணுத்தீர்களா? அப்படியானால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அடுத்த கிறிஸ்துமஸுக்கு நார்மா கூப்பிட்டால் போய்விடாதீர்கள்.