வாத்து வளைவின் வெறுமை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, காகிதத்தையும் கண்டுபிடித்தது. இவை அத்தனையையும் தூக்கிச் சாப்பிடும் கண்டுபிடிப்பு ஒன்று உண்டென்றால், அது நம் தலைநகரில் நிறுவப்பட்ட 'சும்மா இருத்தல் துறை'தான். எதையும் வலிந்து செய்யாமல் இருப்பதே உயர்ந்த ஆட்சி என்ற தாவோ நெறியின் சாரத்தைப் பேரரசர் ஒரு நாள் காலையில் உணர்ந்தார். மாலைக்குள் அதற்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பதவிகள் உண்டாகிவிட்டன. தேர்வும் நடந்தது. வெற்றுத்தாள் கொடுத்தவர்கள் தேறினார்கள். பெயரைக்கூட எழுதாதவர்கள் முதல் வகுப்பில் தேறினார்கள். அவர்கள் யார் என்று தெரியாத காரணத்தால், அந்த இடங்களில் அமைச்சர்களின் மருமகன்கள் அமர்த்தப்பட்டார்கள்.

ஆற்றுக்குக் கரை கட்டுவது இயற்கையின் மேல் கை வைக்கும் செயல் அல்லவா? ஆகவே மஞ்சள் ஆற்றின் கரைகள் அனைத்தும் முதல் வேலையாக இந்தத் துறையின் 'பராமரிப்பில்' வந்து சேர்ந்தன.

இந்த மகத்துவம் எதுவும் தெரியாத ஒரு பட்டிக்காட்டு மனிதர் அந்தத் துறையின் வாசலில் வந்து நின்றார். பெயர் லுவோ பெங்னியான். வாத்து வளைவு என்ற ஊரின் கரைக் கண்காணிப்பாளர். அங்கே கரை நூறு முழம் உடைந்து கிடந்தது. பனி உருகி, மரங்கள் பூக்கும் பருவத்தில் பாயும் பூவெள்ளம் வர இன்னும் நாற்பது நாள்தான். உடைப்புக்கு நேர் கீழே இருநூற்று எழுபது வீடுகள்; அவற்றில் ஒன்றில் அவர் மனைவி சூயுனும் இரண்டு பெண் குழந்தைகளும். ஆள் திரட்டத் துறையின் முத்திரை வேண்டும். முத்திரை இல்லாமல் ஒரு கூடை மண் போட்டாலும் தலை போய்விடும்.

"என்ன விஷயம்?" என்றார் வாசல் எழுத்தர்.

"ஒரு வேலை ஆகணுங்க."

எழுத்தர் காதைப் பொத்திக்கொண்டார். "மெதுவாப் பேசுய்யா! உள்ள பெரியவங்க சும்மா இருக்காங்க. இந்த மாதிரி வார்த்தையெல்லாம் காதுல விழுந்தா மூணு நாள் தியானம் பாழாப் போயிடும்."

"கரை உடைஞ்சு கிடக்குங்க."

"உடைஞ்சது உடைஞ்சபடியே இருக்கா?"

"இருக்குங்க."

"அப்புறம் என்ன குறை? போய் உட்காருங்க."

பதினோரு நாள் உட்கார்ந்தார். எதிரில் இருந்த கடையில் தினைக்கஞ்சி குடித்துக் குடித்து நாக்கே செத்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் துறைத்தலைவர் துவான்மு சோங்கின் முன் அவரை நிறுத்தினார்கள். பெங்னியான் கும்பிட்டுவிட்டு, தன் கையாலேயே வரைந்து கொண்டுவந்த கரையின் வரைபடத்தை மேசையில் விரித்தார். இடமிருந்து வலமாகக் கரை ஒரு கனத்த மைக்கோடு. கீழே சின்னச் சின்னக் கட்டங்களாக வீடுகள். வரும் வழியில் மழையில் நனைந்ததால் அவை புகையாய்க் கலங்கியிருந்தன. நடுவில் உடைப்பு இருந்த இடத்தில் அவர் எதையும் வரையவில்லை. அங்கேதான் எதுவும் இல்லையே!

துவான்மு சோங் பார்த்தார். கையில் இருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் ஓடி வாங்க! இந்த வெறுமையைப் பாருங்க!"

முப்பது அதிகாரிகள் ஓடி வந்தார்கள். அந்தத் துறையின் வரலாற்றில் யாரும் ஓடியது அதுவே முதல் தடவை.

"ஐயா, அது வெறுமை இல்லீங்க. கரை உடைஞ்சு போன இடம்."

"ஆகா, என்ன விளக்கம்! கரை உடைந்த இடத்தில்தான் உண்மை தெரியுமாம்! எத்தனை வருஷத் தவம் ஐயா இது?"

"உடைஞ்சு மூணு வாரம் ஆச்சுங்க."

"இந்த மூட்டம்? வீடுகள் இருந்தும் இல்லாத மாதிரி தெரிகிறதே?"

"மழைல நனைஞ்சு போச்சுங்க. இன்னும் ஒரு மாசத்துல நெஜமாவே இல்லாமப் போயிடும்."

"கேட்டீங்களா? வானமே இவருக்குத் தூரிகை பிடித்திருக்கிறது!" என்று துவான்மு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததைப் பெங்னியான் கனவிலும் நினைக்கவில்லை. தலைவர் தன் இடுப்புப் பையிலிருந்து முத்திரையை எடுத்துச் சிவப்புக் குழம்பில் ஒற்றி, அந்த வெள்ளை இடத்தில் அழுத்திப் பதித்தார். அடுத்தவர் பதித்தார். முப்பது பேரும் வரிசையில் நின்று பதித்தார்கள். ஒரு முத்திரைக்கு வந்தவருக்கு முப்பத்தோரு முத்திரை! பெங்னியான் தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்து ஒவ்வொன்றாக வாசித்தார். 'மேகத்தில் உறங்குபவன்.' 'அரைமூங்கில் மாளிகை.' 'ஒன்றும் அறியாத கிழவன்.' 'போதையில் வழி தவறியவன்.' எல்லாம் பெரிய மனிதர்கள் தமக்குப் பிடித்த ஓவியத்தில் வைக்கும் ரசனை முத்திரைகள். உத்தியோக முத்திரை ஒன்றுகூட இல்லை.

"ஐயா, ஆபீஸ் முத்திரை?"

"சீச்சீ! கலையில் போய் அதை வைப்பார்களா?"

அவருக்கு 'மூன்றாம் படி ஓவியர்' என்ற பட்டமும் ஒரு பட்டுச் சால்வையும் கிடைத்தன. சால்வையை வாங்கிக்கொண்டு அவர் அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று குறிப்பேட்டில் பதிந்தார்கள்.

"பூவெள்ளம் வடிந்ததும் இந்த வெறுமையை நேரில் தரிசிக்க வருகிறேன்" என்றார் துவான்மு.

பெங்னியான் சட்டென்று அழுகையை நிறுத்தினார். "வந்தா எங்கய்யா உட்காருவீங்க? ஒரே சேறு. தங்களுக்கு ஒரு மண்டபம் வேணாமா?"

"கட்டுவது செயல் ஆகிவிடாதா?"

"கட்டுறது நாங்க. நீங்க சும்மா உட்காரப் போறீங்க."

துவான்மு நெகிழ்ந்து போனார். மண்டபத்துக்கு அறுநூறு ஆட்கள், நாணல், மரக்கிளை விளார், மண் எல்லாவற்றுக்கும் உத்தரவு எழுதப்பட்டது. உத்தியோக முத்திரை ஒரு மூச்சில் விழுந்தது.

மண்டபம் என்றால் அஸ்திவாரம் வேண்டாமா? பெங்னியான் அஸ்திவாரம் போட்டார். நீளம் நூறு முழம், உயரம் பன்னிரண்டு முழம். சரியாக உடைப்பு இருந்த இடத்தில். நாணலையும் விளாரையும் உருளையாகக் கட்டி அடுக்கி, மண்ணைக் கொட்டி, அறுநூறு பேரும் மிதித்தார்கள். சூயுன் ஆவியில் வெந்த ரொட்டியைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து போட்டாள்.

"மண்டபத்துக்கு எதுக்குய்யா இத்தனை பெரிய அடி?" என்று கேட்டாள்.

"உட்காரப் போற ஆளு பெரிய ஆளு" என்றார் பெங்னியான்.

கீழ்ப்பக்கத்து ஊரான நாணல்துறையின் கண்காணிப்பாளர் நியே ஷௌரன் பார்க்க வந்தார். அவர் கரையிலும் முப்பது முழம் உடைப்பு.

"ஆளுங்க இருக்காங்க. நாலே நாள்ல உன் கரையையும் அடைச்சிடலாம். சரின்னு சொல்லு" என்றார் பெங்னியான்.

"உத்தரவு இல்லாமத் தொட்டா என் தலை போயிடும்பா. நானும் வரைபடம் போட்டு அனுப்பினேன். உடைப்பைக்கூட விடாம, அளவு கிளவெல்லாம் எழுதி, ஒரு இண்டு இடுக்கு பாக்கி இல்லாம நிரப்பித்தான் அனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டாங்க."

"என்னன்னு?"

"'நெரிசலா இருக்கு'ன்னு."

"நீயும் என்னை மாதிரி ஒரு மண்டபம் கேளேன்!"

"எனக்குப் பொய் சொல்ல வராதுப்பா. மறுபடியும் எழுதிப் போட்டிருக்கேன். நல்ல பதிலா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூவெள்ளம் வந்தது. ஆறு நாள் வாத்து வளைவில் யாரும் படுக்கவில்லை. அஸ்திவாரம் அசையவில்லை. ஏழாம் நாள் வெள்ளம் வடியத் தொடங்கியதும் துவான்மு சோங் பல்லக்கில் வந்து இறங்கினார். உடன் அரண்மனை ஓவியர்கள் நால்வர். அஸ்திவாரத்தின் மேல் நாலு கம்பும் ஒரு கூரையுமாக நின்ற மண்டபத்தில் அமர்ந்து, தேநீர் அருந்தி, நாலு திசையும் பார்த்தார்.

"எங்கேயய்யா அந்த வெறுமை?"

"நீங்க அதுமேலதான் உட்கார்ந்திருக்கீங்க ஐயா."

துவான்மு எழுந்தார். குனிந்து பார்த்தார். முகம் சிவந்தது. "நிரப்பிவிட்டாயா? பேரரசின் ஒப்பற்ற வெறுமையை, நாணலும் மண்ணும் போட்டு நிரப்பிவிட்டாயா?"

"ஊரு பொழைச்சுதுங்க."

"ஊர் எங்கேயும் இருக்கிறது!"

பெங்னியானின் பதவி அங்கேயே பறிபோனது. பட்டமும் சால்வையும் பறிபோயின. ஒரு முத்திரைக்குப் பதினோரு நாள் காக்க வைத்த துறை, இதை அரைக் கிண்ணம் தேநீர் ஆறுவதற்குள் முடித்துக் காட்டியது. செயல்திறன் இல்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது.

அப்போது ஆற்றோரமாக ஒரு தூதுவன் ஓடி வந்தான். "ஐயா, நாணல்துறை போயிடுச்சுங்க! வீடு இல்ல, மரம் இல்ல, கண்காணிப்பாளர் நியேவையும் காணோம். எங்க பாத்தாலும் தண்ணிதான். ஒண்ணுமே இல்லீங்க!"

பெங்னியான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நாலு நாள் வேலைடா அது... நாலே நாள்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

துவான்முவின் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஒன்றுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லீங்க."

"பல்லக்கைத் திருப்புங்கள்!"

நாணல்துறையில் ஓவியர்கள் பத்து முழப் பட்டுத்துணியை விரித்து, அன்று முழுவதும் தூரிகையும் கையுமாக நின்றார்கள். வரைவதற்கு அங்கே எதுவும் மிச்சம் இல்லை. அதனால் துறையின் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் முத்திரை வைக்க இடம் தாராளமாக இருந்தது.