தடுப்பூசிப் பெட்டிக்குப் பொன்னாடை

தடுப்பூசி மருந்துக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவித்த ஊர் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்க முடியும். அது சேர்வராயன் மலையிலுள்ள எங்கள் செம்மநத்தம். விழாக்குழுச் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

பக்கத்து ஊரான கொட்டச்சேட்டில் மாடுகளுக்குக் கோமாரி நோய் கண்டுவிட்டதால் எங்கள் ஊருக்கும் தடுப்பூசி வந்தது. குப்பாயிக்கு இருப்பது ஒரே கறவை மாடு. அதன் பாலில்தான் அவள் பிழைப்பு. விடியும்போதே மாட்டை ஓட்டிவந்து முதல் ஆளாக நின்றுவிட்டாள். ஆனால் விழா எடுக்காமல் ஊசி போட நாங்கள் என்ன நாகரிகம் இல்லாதவர்களா?

மருந்துப் பெட்டிக்குள் ஐஸ் இருப்பதைக் கண்டு விழாத் தலைவர் செல்லப்பன் மனம் புண்பட்டார். "ஏனுங்க, ஏற்காட்டு மலைக்கே ஐஸ் கொண்டாறீங்களா? எங்க ஊரே ஐஸ்பொட்டிதானுங்க."

ஊர் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். ஐஸ் உடனடியாக விருந்தினர்களின் எலுமிச்சை ஜூஸுக்கு 'இடமாற்றம்' செய்யப்பட்டது. பெட்டியை மேடையில், எல்லோர் கண்ணிலும் படும்படி, சித்திரை வெயிலில் வைத்துப் பொன்னாடை போர்த்தினோம்.

சிறப்பு விருந்தினர் விஞ்ஞானி ஜோஸ்வா பேசினார். வைரஸுக்குப் புரதத்தால் ஆன கூடு உண்டாம். வழியெல்லாம் இறுக மூடியிருந்து, மாட்டின் செல்லுக்குள் நுழைந்த பிறகே திறந்து மரபணுவை இறக்கிவிடுமாம். தடுப்பூசியில் இருப்பது செத்த வைரஸ்தான்; ஆனாலும் கூடு முழுசாக இருந்தால்தான் மாட்டின் உடம்பு எதிரியை அடையாளம் கண்டுவைத்துக்கொள்ளுமாம். கோமாரி வைரஸின் கூடு சூடு தாங்காது, உதிர்ந்துவிடும் என்பதை, நெற்றி வியர்வையைத் துடைத்துத் துடைத்து, மதியம்வரை விளக்கினார். நாங்கள் மெய்ம்மறந்து கைதட்டினோம்.

குப்பாயி மட்டும் நடுவில் எழுந்து, "ஏனுங்க சார், மொதல்ல ஊசியப் போட்டுடுங்க. அப்பறம் பொழுதுக்கும் பேசுங்க, நான் இருந்து கேக்கறனுங்க" என்றாள். சபை ஒழுங்கு தெரியாதவள். உட்காரச் சொன்னோம். பேச்சும் நன்றியுரையும் முடிந்த பிறகு அவள் மாட்டுக்கே முதல் ஊசி போட்டுப் பெருந்தன்மை காட்டினோம்.

அடுத்த மாதம் அந்த மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் புண். விசாரிக்கக் குழு அமைத்தோம். அனுபவம் வீணாகக் கூடாதென்று விழாக்குழுவையே விசாரணைக் குழுவாக்கினோம். மருந்திலிருந்த புரதங்கள் 'கடமை நேரத்தில் கலைந்து சென்ற' குற்றத்தை ஜோஸ்வா கண்டுபிடித்தார். எங்கள்மேல் தவறில்லை என்பது ஏகமனதாக முடிவானது.

குப்பாயி வீட்டு வாசலில்தான் விசாரணை. களைப்பில் காபி கேட்டோம். கடுங்காபி வந்தது.

"பால் இல்லீங்களா?" என்றார் செல்லப்பன்.

"மடி வத்திப்போச்சுங்க" என்றாள்.

அறிக்கையில் அதையும் விடாமல் சேர்த்தோம்: 'மாட்டின் உரிமையாளர் குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை. காபிக்குப் பால்கூடத் தர மறுத்தார்.'