நாக்குக்கு நோன்பு

மாவில் தோய்ந்த ஆள்காட்டி விரல் வாய்க்குச் சாண் தூரத்தில் வந்தபோதுதான் மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது. விரல் அந்தரத்தில் நின்றது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெருமூச்சோடு துணியில் துடைத்தார்.

முந்தின நாள் சாம்பல் புதன், ஈஸ்டர் வரைக்குமான தவக்காலத்தின் தொடக்கம். நெற்றியில் சாம்பலோடு கோயில் வாசலில் நின்றவரிடம், தவக்காலத்துக்கு எதை விடப்போகிறீர்கள் என்று ஃபாதர் கேட்டார். தனியாக இருந்திருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். பக்கத்தில் நின்ற மனைவி முந்திக்கொண்டாள்.

"இவர் எதை வேணா விடுவார் ஃபாதர், இனிப்பை மட்டும் விடமாட்டார். மாவை நக்காம ஒரு நாள் இருக்கச் சொல்லுங்க, பாப்போம்."

மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஈஸ்டர் காலை வரைக்கும் ஒரு துளி இனிப்பு நாக்கில் படாது என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார்.

வீராப்பில் ஒரு விஷயம் மறந்துவிட்டது. அவர் பேக்கரிக்காரர். அதுவும் தராசை நம்பாத பேக்கரிக்காரர். சர்க்கரை கண்ணளவு, உப்பு விரலளவு, மற்றதெல்லாம் நாக்களவு. மாமனாரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்ற நாளிலிருந்தே அப்படித்தான். மாமனார் அடுப்பையும் பெண்ணையும் சேர்த்தே கொடுத்தார். அடுப்பாவது அவ்வப்போது அணையும். பெண் அப்பாவின் கைமணத்தில் வளர்ந்தவள், நாக்கு பொல்லாதது. கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்ட எந்தக் கேக்கைப் பற்றியும் "பரவாயில்ல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது அந்த நாக்கைத்தான் கடன் கேட்க வேண்டியிருந்தது.

முதல் கேக் ஆறியதும் ஒரு துண்டை வெட்டி நீட்டினார். அவள் வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

"நல்லா இருக்கு."

மாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொன்ன?"

"நல்லா இருக்குங்க."

மாவு மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் இத்தனை வருஷம் விடியுமுன் எழுந்திருக்கிறார். அதைச் சொன்னால் சிரிப்பாள் என்று சொன்னதில்லை. கண்ணைத் துடைத்த கையில் மாவு இருந்ததால் முகம் இன்னும் மோசமானது.

பாராட்டுக் கேட்ட கை சும்மா இருக்குமா? மறுநாள் சர்க்கரை குறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்து ஒரு கை கூடப் போட்டார். அது திகட்டுமே என்று ஒரு சிட்டிகை உப்பு. உப்பை அடக்க எலுமிச்சை. எலுமிச்சை வாசனை தூக்கலாகத் தெரிந்ததால் வெனிலா, தாராளமாக. ஒவ்வொன்றுக்கும் அவள் கண்ணை மூடி, சிலுவை போட்டு, நல்லா இருக்கு என்றாள். தண்ணீர் மட்டும் இரண்டு சொம்பானது. வெயில் காலம் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

கடையில் கூட்டம் குறையத் தொடங்கியது. தினமும் வரும் தையல்கார அக்கா ஒரு துண்டு வாங்கிப் போனவள், பிறகு எதிர்ப்பக்க நடைபாதையிலேயே நடந்தாள். எல்லாரும் இனிப்பை விட்டிருப்பார்கள் என்று மாஸ்டர் மனதைத் தேற்றிக்கொண்டார். அப்படியானால் எதிரே புதிதாகத் திறந்திருக்கும் பேக்கரியில் மட்டும் ஏன் கூட்டம்? பக்தி இல்லாதவர்கள் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

அவர் சோர்ந்துபோகாமல் காத்தவர் ஒரு தொப்பிக்காரர். முன்பின் பார்த்திராத ஆள். ஒருநாள் சாயங்காலம் வண்டியோடு வந்து நின்று, மிச்சமிருந்த கேக்கை எல்லாம் வாங்கிப்போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

"வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சிருக்கா?" என்று மாஸ்டர் ஒருநாள் மெல்லக் கேட்டார்.

"பிடிச்சிருக்காவா? வெக்கிறதுக்குள்ள முட்டி மோதிக்கிறாங்க மாஸ்டர்."

"பெரிய குடும்பமோ?"

"ஆமாங்க. போன வாரம்கூட எட்டு குட்டி."

பிள்ளைகளை இவ்வளவு செல்லமாகக் கூப்பிடும் மனிதரைப் பார்த்ததில்லை என்று மாஸ்டர் அன்று மனைவியிடம் உருகினார். அவள் பாத்திரத்தை ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பிடித்தவர் ஒருவர் கிடைத்துவிட்டால் அவருக்காகவே சமைக்கத் தோன்றும். மாஸ்டர் ஆரஞ்சுத் தோல் சேர்த்தார், பிறகு இஞ்சி சேர்த்தார். இனிப்பில்லாததை நக்கினால் நோன்பு முறியாதே என்று இஞ்சி காய்ச்சிய சூடான பாத்திரத்தில் நாக்கை வைத்துச் சுட்டுக்கொண்டதில், உப்பும் காரமும்கூடத் தெரியாமல் போயின. அப்போதும் அவள் நல்லா இருக்கு என்றாள். தொப்பிக்காரர் பெரிய வண்டி கொண்டுவந்தார்.

இந்த நிலையில்தான் விழாக்குழுச் செயலாளர் வந்தார். ஈஸ்டர் காலைப் பூசை முடிந்து கோயில் கூடத்தில் எல்லாருக்கும் வெட்டும் மூன்றடுக்குக் கேக், மாமனார் காலத்திலிருந்து இந்தக் கடையின் உரிமை. அது போனால் கடையின் மானமே போன மாதிரி. எதிர்க்கடைக்காரர் கேட்கிறார் என்றும், ஊரில் ஏதேதோ பேசிக்கொள்கிறார்கள் என்றும் செயலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மாஸ்டர் ஒரு துண்டை நீட்டினார். செயலாளர் கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் தவக்காலத்துக்கு இனிப்பை விட்டிருந்தார்.

"உங்க வீட்டம்மா நாக்கு ஊருக்கே தெரியும். அவங்க சரின்னா சரி," என்றார்.

அவள் தன் அப்பாவின் அடுப்பைப் பார்த்தாள். பிறகு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் புருஷனைப் பார்த்தாள்.

"ஈஸ்டர் அன்னிக்கு மேசை மேல வர்ற கேக்கை யாரும் குறை சொல்ல முடியாது. அதுக்கு நான் பொறுப்பு," என்றாள்.

சனிக்கிழமை மதியத்துக்குள் மூன்றடுக்கையும் வேகவைத்து முடித்தபோது மாஸ்டருக்கு முதுகு விட்டுப்போயிற்று. கிரீம் பூசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்ப் படுங்கள் என்று அவள் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் எழுந்து வந்தபோது கேக் வெள்ளை வெளேரென்று நின்றது. அடுப்பு இன்னும் தகித்தது. ஆறவில்லை என்றாள். அவள் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. எவ்வளவு பிரியம் என்று மாஸ்டர் நெகிழ்ந்துபோனார்.

ஈஸ்டர் காலை. கூடம் நிறைய ஆட்கள். எதிர்க்கடைக்காரரும் வந்து முதல் வரிசையில் நின்றார். ஃபாதர் கேக்கை வெட்டி, முதல் துண்டை நோன்பிருந்தவருக்கே கொடுத்தார்.

மாஸ்டர் அதை வாயில் வைத்தார். மென்மை. அளவான இனிப்பு. ஓரத்தில் லேசான நெய் மணம். மாமனார் உயிரோடு வந்து போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. எதிர்க்கடைக்காரர் இரண்டாம் துண்டுக்குத் தட்டை நீட்டினார். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்கார அக்கா தன் துண்டை ஒருமுறைக்கு இருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, மனைவியிடம் திரும்பினாள்.

"அவர் இனிப்பை விட்டார். நீ எதை விட்டே?"

"இவரைக் குறை சொல்றதை," என்றாள் மனைவி.

கூடம் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாஸ்டர்.

"அது ஒரு நோன்பா? குறை இருந்தாத்தானே சொல்றதுக்கு. நாக்கில வெக்காம, வெறும் கையாலயே போட்டிருக்கேன் பாருங்க இந்தக் கேக்கை."

மனைவி அவர் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த கிரீமைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அவருக்கு அந்தக் கணம் போதும், செத்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி தொப்பிக்காரர் வந்தார். மாஸ்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மனைவியிடம் போனார்.

"அக்கா, நேத்து சாயங்காலம் குடுத்து விட்டீங்களே மூணடுக்கு, அதையும் என் பன்னிங்க ஒரு துளி மிச்சம் வெக்கல. நாளைக்கும் வரட்டுமா, இல்ல தவக்காலத்தோட சரியா?"