ஹாரன் அண்ணனும் நானும் பெயிலான கதை

கல்யாணப் பந்திக்குள் நுழையும்போதுகூட வாயால் ஹாரன் அடிக்கிற மனிதர் இந்த ஓசூரிலேயே ஒருவர்தான். எங்கள் கம்பெனி கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டியவர். திருப்பம் வந்தால் ஹாரன் அடி என்பது கிடங்கு விதி. அவருக்கு அது வாழ்க்கை விதி. கேன்டீன் மூலையில் தட்டோடு திரும்பினாலும் “பாம், பாம்!” பெயரே ஹாரன் அண்ணன் ஆகிவிட்டது. ஸ்டோர்ஸில் இருந்த என்னை அவர் அக்கா என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

என் கணவர் இறந்தபின், அவர் ஆசையாக ஓட்டிய கார் பாகலூர் வீட்டு வாசலில் உறை போட்டு நின்றது. “ஓட்ட ஆளில்ல, வித்துத் தொலைங்க” என்று கொழுந்தனார் நச்சரித்தார். நானே ஓட்டுகிறேன், போங்கள் என்று வாயை விட்டுவிட்டேன். கற்றுக்கொடுக்க வந்தார் ஹாரன் அண்ணன்.

லைசென்ஸ் தேர்வன்று ஆய்வாளர் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். மகராசி நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி, வண்டியின் பின்னால் போய்க் குனிந்து பார்த்து, கையைத் தூக்கி “கிளியர்!” என்று கத்தினேன். கிடங்கில் அப்படித்தான் செய்வார்கள். அண்ணன் அதையே எனக்கும் பழக்கியிருந்தார். மைதானமே சிரித்தது. பெயில்.

அண்ணன் ஓடி வந்தார். “சார், அக்கா மேல தப்பில்ல சார். சொல்லிக் குடுத்தவன் நானு. என்னைய பெயில் போடுங்க.”

“உங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்குதே?”

“இந்தாங்க, புடுங்கிக்கங்க. அக்காவுக்குக் குடுத்துருங்க.”

ஆய்வாளரே சிரித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. வீட்டுக்குப் போனதும் கொழுந்தனாரைக் கூப்பிட்டு, காரை விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அவர் வருவதற்கு முன்பே ஹாரன் அண்ணன் வந்து நின்றார். மனைவி, இரண்டு பெண்கள், போதாததற்கு மாமியார். நால்வரையும் பின் சீட்டில் அடைத்துவிட்டு, அவர் முன்னால் ஏறிக்கொண்டார்.

“அக்கா, சந்தைக்கு வுடுங்க வண்டிய.”

“நான் பெயிலானவ அண்ணா! குடும்பத்தையே ஏத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, பயமா இல்லியா?”

“எனக்கு இருக்கறதே இவங்கதான்க்கா. அதான் கூட்டியாந்தேன்.”

உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தேன். எல் போர்டு மாட்டிய அந்தக் காரைச் சந்தைவரை ஓட்டினேன். திரும்பி வந்தபோது வாங்குகிறவர் வாசலில் நின்றிருந்தார். “விக்கறதா இல்லீங்க” என்றேன்.

அடுத்த முறை தேறிவிட்டேன். அட்டையில் கையெழுத்து ஆய்வாளருடையதுதான். ஆனால் எனக்கு லைசென்ஸ் கொடுத்தவர் ஹாரன் அண்ணன். இன்றைக்கு நினைத்தாலும் கண் நிறைந்துவிடுகிறது.