இடது கால் ஏற்றுமதி

ஏழை நாடு பணக்கார நாடாக ஒரே வழி தொழிற்சாலைதான். சந்தேகமிருப்பவர்கள் பெரம்பலூர்–அரியலூர் சாலையில் இருக்கும் எங்கள் ஷூ கம்பெனியை வந்து பார்க்கலாம். நான் அங்கே தொழிலாளர் நல அதிகாரி. என் நலத்துக்கு இதுவரை ஒரு குறையும் இல்லை.

எங்கள் கம்பெனியில் இடது கால் ஷூ மட்டும்தான் தைக்கிறோம். வலது கால் இன்னொரு 'வளரும் நாட்டில்' தயாராகிறது. இரண்டும் கடல் தாண்டிப் போய்த்தான் ஜோடி சேரும். இங்கேயே சேர்ந்துவிட்டால் தைத்தவர்களே மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்களே என்று தலைமையகம் தொலைநோக்கோடு யோசித்திருக்கிறது.

போன மாதம் ஒரு கோடியாவது இடது காலுக்கு விழா எடுத்தோம். அதைத் தைத்தவள் வெற்றிச்செல்வி. விக்கிரமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். ஆறு வருஷமாகத் 'தற்காலிகம்'. அன்றைக்கு அவளுக்கு மேடையில் நிரந்தர வேலைக்கான ஆணை கொடுப்பதாக ஏற்பாடு. தான் தைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு அவள் மேடையேற வேண்டும் என்று மேனேஜர் வீரமணி ஆசைப்பட்டார்.

"ஒத்தக் காலுக்குத்தானே சார் இருக்கு?" என்றாள்.

"போட்டோ இடது பக்கத்துலேர்ந்துதான் எடுப்பாங்க. நீ இடது கால முன்னால வச்சு ஏறும்மா, போதும்" என்றேன்.

மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம். பிசகாமல் ஏறினாள்.

விழாவன்று மேளம் கொட்டியது. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெற்றிச்செல்வி கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு வலது காலை எடுத்து வைத்தாள். வெறுங்கால். பித்தவெடிப்பு உட்பட எல்லா கேமராவிலும் விழுந்தது. வெளிநாட்டு விருந்தினர், "இன்னொரு ஷூ எங்கே?" என்று கேட்டார். நாங்கள் பலமாகக் கைதட்டினோம்.

"ஏம்மா இப்படிப் பண்ணிட்ட?"

"ஆறு வருசமா காத்திருந்த வேல சார். இடது கால வச்சா உள்ள போவாங்க?"

'காலணியின்றி வளாகத்தில் நடமாடியது பாதுகாப்பு விதிமீறல். நிரந்தரப் பணி குறித்து மேலும் ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசீலிக்கப்படும்' என்று நானே குறிப்பெழுதி, ஆணையை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் நலன் கருதித்தான். 

மறுநாள் ஷிப்டு முடிந்து எல்லோரும் பஸ் ஏறும் நேரம், வெற்றிச்செல்வி அந்த ஷூவைக் கயிற்றில் கட்டி கம்பெனி கேட்டில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். சாலையில் போகிற சுண்ணாம்புக்கல் லாரிகளில் பழைய செருப்பைக் கட்டுவார்களே, அதே மாதிரி.

"என்னம்மா இது?"

"எம்மாம் பெருசா வளந்து நிக்கிறோம். ஊரு கண்ணு பட்டுடக் கூடாதுல்ல சார்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அதை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் கடமையில் நான் தவறுவதில்லை. அந்த மாத அறிக்கையில் எழுதினேன்: 'நமது தயாரிப்பு முதன்முறையாக உள்ளூர் மக்களுக்குப் பயன்பட்டுள்ளது.'