வகுபடாத புகார்

பூஜ்ஜியத்தை உலகுக்குத் தந்தவர்கள் நாம். அந்த மரபை இன்றளவும் கட்டிக்காத்து, வருகிற ஒவ்வொருவருக்கும் அதையே தந்துகொண்டிருக்கும் நிறுவனம், மயிலாப்பூரில் நான் உதவியாளராக இருக்கும் குறைகேட்பு மையம்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் சாதனையை நாங்களே மிஞ்சினோம். திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் துணி தைத்துப் பிழைக்கும் ஜைதூன் பீ, குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் அவருக்கு அருளிய புகார் எண்: 73939133.

அதைக் கண்டதும் எங்கள் அதிகாரி குருபிரசாத் எழுந்து நின்றுவிட்டார். அவர் கணிதத்தில் முதுகலை.

"பகா எண்ணுய்யா! ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது. கடைசி இலக்கத்தை வெட்டு, 7393913. அதுவும் பகா எண்! இப்படியே வெட்டிக்கிட்டே போ. கடைசியில ஏழு நிக்கும். அதுவும் பகா எண்! இந்தக் குணமுள்ள எண்கள்லயே இதுதான் பெரிசு. இதுக்கு மேல கிடையாது!"

"எந்தப் பிரிவுக்கு அனுப்பட்டும் சார்?" என்று கேட்டேன்.

"வகுபடாததை எப்படிய்யா பிரிச்சுக் கொடுப்பே?"

அவசரக் கூட்டம் கூடியது. குழாயைச் சரிசெய்தால் புகார் முடிந்துவிடும். புகார் முடிந்தால் எண் கம்ப்யூட்டரிலிருந்து போய்விடும். எனவே 'அறிவுலகின் நலன் கருதி' புகாரைத் தீர்ப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். கீரை வடை நன்றாக இருந்தது.

எண்ணின் உரிமையாளருக்குப் பாராட்டு விழாவும் வைத்தோம். ஜைதூன் பீ ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. குருபிரசாத் பொன்னாடை போர்த்தினார்.

"உங்களுக்கு அமைஞ்ச மாதிரி நம்பர் யாருக்கும் அமையாதும்மா."

"நம்பரு ஷோக்காத்தான் கீது சார். தண்ணி நாறுதே, அத்த யாரு பாக்கறது? எம் பொண்ணு சிம்ரா மஞ்சக் காமாலைல படுத்துக்கினு கீது."

"பொறுமையா இருங்க. சரித்திரத்துல உங்க பேர் நிக்கப் போகுது."

"அது நிக்கட்டும் சார். எம் பொண்ணு எழுந்து நிக்கணும்."

சபை கைதட்டியது. குருபிரசாத் உரையைத் தொடங்கினார். எட்டு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக வெட்டி வெட்டி விளக்கியதில் தொண்டை வறண்டு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் வைக்க நான் மறந்திருந்தேன். ஜைதூன் பீ, எங்களுக்குக் காட்டுவதற்காக வீட்டுக் குழாயில் பிடித்து வந்த பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து, தம்ளரில் ஊற்றி நீட்டினார்.

வாயருகே கொண்டுபோன குருபிரசாத் முகத்தைச் சுளித்துக்கொண்டு தம்ளரைத் தூரத் தள்ளினார்.

"சீ! இதை மனுஷன் குடிப்பானா?"

"எம் பொண்ணு இத்தத்தான் குடிச்சிச்சு" என்றார் ஜைதூன் பீ.

எங்கள் மையத்தின் வரலாற்றில் ஒரு புகார் ஒரே நொடியில் உண்மை என்று நிரூபணமானது அன்றுதான். நடவடிக்கையும் தாமதமில்லை. அடுத்த நிமிடமே அதிகாரிக்கு மினரல் வாட்டர் வந்துவிட்டது.