217-ஆம் நம்பரின் தூக்கம்

பெயரை எடுத்துவிட்டால் ஆளை மறைத்துவிடலாம் என்று நம்பிய காலம் எனக்கும் இருந்தது. நாளிதழில் பக்கம் வடிவமைத்துப் பழகியவனுக்கு அந்தத் தைரியம் வரும்.

சாந்தன்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் மலரைப் பெண் கேட்டிருந்தேன். அவள் அப்பா மாரியப்பன் தொழிலாளியாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வுபெற்றவர். "பத்து மணி வரைக்கும் தூங்குத பயலுக்குப் பொண்ணு கிடையாது. நான் ஒருநா வேல நேரத்துல கண்ண மூடுனதில்ல" என்று முடித்துவிட்டார். (இரவு ஷிஃப்ட் என்பதை அவர் நோய் மாதிரி கேட்டுக்கொண்டார்.)

அவரை அசத்த ஒரு வழி கண்டேன். எஸ்டேட்டின் பூட்டிய அலுவலகத்தில் செல்லரித்துக் கிடந்த பழைய வருகைப் பதிவேடுகளை, வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தின் ஆண்டுவிழாவில் மக்களுக்குக் காட்டுவதாகச் சொல்லி வாங்கினேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? பதிவேடுகளிலிருந்த குறிப்புகளைக் கொண்டு ஒரு ராட்சதப் பரமபதம் வரைந்து, ஃப்ளெக்ஸில் அச்சடித்து, பெரட்டுக் களத்தில் விரித்தேன். தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மைதானம் அது. ஆட்களே காய்கள். பகடை தலையணை அளவு. நிறையக் கொழுந்து எடுத்தவருக்கு ஏணி, மாட்டிக்கொண்டவருக்குப் பாம்பு. யார் மனமும் நோகக் கூடாதென்று பெயர்களை நீக்கி, பதிவேட்டு நம்பரை மட்டும் போட்டேன். மலரிடம்கூட முன்னால் காட்டவில்லை.

எஸ்டேட்டில் பெயர் வீட்டுக்கு மட்டும்தான், ஊருக்குத் தெரிந்தது நம்பர்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (நானும் கேட்கவில்லை.)

விழா அன்று காலை பத்து மணி. நான் விழித்திருந்தேன். மலையிலிருந்து மூடுபனி இறங்கிக் களத்தில் படுத்துக்கொண்டது. கட்டங்கள் வெண்மைக்குள் மிதந்தன. முகங்கள் கரைந்துபோய்க் குரல்கள் மட்டும் நடமாடின. பாதிக் களம் ஏறியிருந்த மாரியப்பன் மறுபடி பகடையை உருட்டினார். நான்கு. எண்ணி நடந்து நின்றார்.

வாயனசாலைச் செயலாளர் எல்லோருக்கும் செய்ததுபோலவே கட்டத்தை உரக்க வாசித்தார்: "நம்பர் 217. வேலை நேரத்தில் செடிக்கு நடுவே தூங்கினார். மூன்றாம் முறை. பெரட்டுக் களத்துக்குத் திரும்புக."

பனிக்குள் ஒரு குரல்: "ஏ, எரநூத்திப் பதினேழு நம்ம மாரியப்பன் அண்ணாச்சில்லா!"

இன்னொன்று: "மூணாந்தடவயா? அண்ணாச்சி, பாயும் கொண்டு போனீரோ?"

களமே சிரித்தது. சிரிப்பு ஓய்ந்தபோது கட்டத்தில் அவர் இல்லை.

"அப்பாவக் காணும்," என்றாள் மலர். "இனி நீங்க எங்க வீட்டுப் படி ஏறுன மாதிரிதான்."

பாம்பின் உடம்பு வழியே ஓடினேன். வால் முடியும் முதல் கட்டத்தில், 'பெரட்டுக் களம்' என்று நான் எழுதியிருந்த இடத்தில், அவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, பேரு இல்லாமத்தானே போட்டேன்..."

"திரும்பச் சொல்லிப் போட்டிருக்குல்லா. அதான் வந்துட்டேன்." பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கும் இதே பனி. சாக்க விரிச்சுப் படுத்தேன். அப்படியொரு தூக்கம் அப்புறம் வாய்க்கவே இல்ல, மாப்ள."

கடைசிச் சொல்லை மனதுக்குள் இருமுறை பிழைதிருத்திப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

இப்போதும் ஞாயிறு மதியம் மாமனாரும் நானும் கூடத்தில் படுத்திருந்தால், மலர் வாசலில் நின்று பெரட்டு எடுப்பாள்.

"எரநூத்திப் பதினேழு!"

"ஹாஜர்" என்பார் அவர், கண் திறக்காமல்.

"எரநூத்திப் பதினெட்டு!"

அது எனக்குக் கொடுத்த நம்பர். இதுவரை ஒருநாளும் நான் பதில் சொன்னதில்லையாம். எனக்கு எப்படித் தெரியும்?